உழைப்பும் ஓய்வும்

எழுத்துத் துறைக்கு யான் புதியவன். நம் கல்லூரி ஆண்டு மலரின் தமிழ்ப் பகுதிக்கு ஏதேனும் ஒன்று வரைந்து தருக என்று ஆசிரியர் ஒருவர் பணித்தபோது, எப்பொருளைப் பற்றி எழுதுவது என்று யான் நெடுநேரம் மயங்கவில்லை. புதிதாக எழுதப் புகுவார் பெரும்பாலும் கைக்கொள்ளும் பொருள் ஒன்று உண்டு. அஃது உழைப்பின் பெருமை. எழுதுவார்க்கு எளிதில் வயப்படுவது அது. கேட்பார் எவரும் அதனை மறுத்துரையார். ஆகவே கோடை விடுமுறைக்கு என் ஊராகிய மணப்பாட்டிற்குச் சென்றிருந்த காலத்து, என் அன்னையாரையே தலைவியாக வைத்து, ‘ஓயாக் கரங்கள்’ என்னும் தலைப்பில் ஒரு கட்டுரை எழுதி முடித்தேன்.

என் அன்னையார் பனையோலைப் பெட்டி முடைபவர். எந்தையார் கடற்றொழில் செய்பவர். வைகறையில் ஓலையைத் தொட்ட அக்கரங்கள் நள்ளிரவிலும் ஓய்வதில்லை என்றும், காய்ச்சல் கண்ட நாளிலும் அவை ஓய்ந்ததில்லை என்றும், கடல் அலை ஓய்ந்தாலும் அவை ஓயமாட்டா என்றும் அடுக்கடுக்காக எழுதியிருந்தேன். எழுதியதை அவருக்கே படித்துக் காட்டினால் மகிழ்வார் என்று எண்ணி, ஒருநாள் மாலை திண்ணையில் அமர்ந்து உரக்கப் படித்தேன். அவர் கையிலிருந்த ஓலையைக் கீழே வையாமலே முழுவதையும் கேட்டார். பின்னர்ச் சொன்னார்:

“ஏ மக்கா, என் கை ஓயாது என்று எழுதி வைத்திருக்கிறாயே, ஓய விட்டால் அல்லவோ ஓயும்? அதைப் போய்ப் பெருமை என்கிறாய்.”

யான் விடை கூறவில்லை. அன்றிரவே அக்கட்டுரையைக் கிழித்தெறிந்தேன் என்று எழுதினால் அழகாக இருக்கும், உண்மை அதுவன்று. இரண்டு நாள் அதனை வைத்திருந்து, அதிலுள்ள நல்ல சொற்றொடர்களை வேறோரிடத்துப் பயன்படுத்தலாமோ என்று புரட்டிப் பார்த்து, அதற்கு மேலும் மனம் ஒப்பாமையால் கைவிட்டேன். அவருடைய வினாவோ என்னைக் கைவிடவில்லை. விடுமுறை முழுவதும் அதனையே சுமந்துகொண்டு ஊரைச் சுற்றினேன். அப்போது கண்டவற்றையும் கேட்டவற்றையும் ஈண்டு எழுதுகிறேன்.

மணப்பாட்டைக் கண்டிராத நண்பர்க்கு ஒரு சொல். திருச்செந்தூருக்குத் தெற்கே, குலசேகரப்பட்டினத்தைக் கடந்து சென்றால், கடலுக்குள் நீண்டு நிற்கும் மணற்குன்று ஒன்று தோன்றும். குன்றின்மேல் 1581ஆம் ஆண்டில் எழுந்த திருச்சிலுவை ஆலயமும், அதனையடுத்துக் கலங்கரை விளக்கமும் உள்ளன. வடபுறத்தே கருமேனியாறு கடலை நாடி வந்து காயலாய்த் தேங்கி நிற்கும். ஊருக்கு முன்னே கடல்; பின்னே செம்மணல் தேரியும் பனங்காடும். எங்கள் சோறு இவ்விரண்டிலிருந்தும் வருவது. ஆண்மக்கள் பலர் கடலை நம்பியவர். பெண்மக்கள் பலர் பனையோலையை நம்பியவர்.

முதலில் கடலைப் பற்றிச் சொல்வேன். கடற்றொழிலில் ஓய்வு எவ்வாறு அமைந்தது என்று எந்தையாரிடம் கேட்டேன். அவர் தம் தந்தையார் காலத்துச் செய்திகளையும் சேர்த்துச் சொன்னார். அக்காலத்து வலைகள் பருத்தி நூலால் ஆனவை. நனைந்த வலையை அலசி உலர்த்தாது மீண்டும் மீண்டும் கடலில் இட்டால் நூல் இற்றுப்போகும். கட்டுமரமும் அப்படியே. மரங்கள் நீரைக் குடித்துக் கனத்துப்போகும். ஆதலின் கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களை வேறு வேறாக மணலில் இழுத்துப் போட்டுக் காயவைப்பர். வலையும் மரமும் காயும் பொழுது, அவற்றை ஆண்டவனுக்கும் இளைப்பாற நேரம் வாய்த்தது. அவ்வோய்வை அவன் கேட்டுப் பெறவில்லை. கருவிக்கு வேண்டியிருந்தது, ஆகவே அவனுக்கும் கிடைத்தது.

பிறகு நைலான் வலை வந்தது. பைபர் படகு வந்தது. அதன் பின்புறத்தே பொருத்தும் எந்திரமும் வந்தது. இவற்றுள் எதுவும் வெயிலில் கிடந்து காய வேண்டுவதில்லை. எண்ணெய் ஊற்றினால் எந்திரம் உடனே புறப்படச் சித்தமாய் இருக்கும். இக்கருவிகளை யான் பழிக்கவில்லை. காற்றை நம்பிப் பாய் விரித்துச் சென்றவர் கரை திரும்பாத குடும்பங்கள் எம் கடற்கரையில் பல. ஆயினும் ஒன்று கூறுவேன். ஓய்வு வேண்டாத கருவி கைக்கு வந்தபோது, பழைய கருவியின் பெயரால் கிடைத்துவந்த ஓய்வு மனிதனிடமிருந்து ஓசையின்றிப் போய்விட்டது. போனதை எவரும் கவனிக்கவில்லை. என்னை? அதற்கு முன்னும் அஃது அவனுடையது என்று எவரும் எண்ணியதில்லை.

எஞ்சியிருப்பது ஞாயிற்றுக்கிழமை. அன்று கடலுக்குப் போவதில்லை என்பது எம் கடற்கரைக் கத்தோலிக்க ஊர்களின் நெடுநாள் வழக்கு. இதனைச் சமயக் கடமை என்று மட்டும் யான் இதுகாறும் எண்ணியிருந்தேன். எந்தையார் வேறொன்றும் சொன்னார். “ஒருத்தன் போய் ஒருத்தன் போகாமல் இருந்தால், போகாதவனுக்கு வீட்டில் உறக்கம் வருமா?” என்றார். பக்கத்து வீட்டான் படகு நிறைய மீனோடு வருவதைப் பார்த்துக்கொண்டு எவன்தான் பாயில் கிடப்பான்? எவனும் போகவில்லை என்பதனாலேயே ஒவ்வொருவனும் மனக்கவலையின்றி இருக்கிறான். ஆகவே அவ்வோய்வு தனியொருவன் தன் மனவுறுதியால் பெற்றதன்று. ஊர் முழுவதும் கூடிக் கட்டிக் காப்பது.

அரசினர் சட்டத்திலும் இதே இயல்பு காணப்படுகிறது. 1983ஆம் ஆண்டில் வந்த தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் எழுந்த விதிகள், விசைப்படகு விடியற்காலை 5 மணிக்கு மேல் புறப்பட்டு இரவு 9 மணிக்குள் கரை திரும்ப வேண்டும் என்றன. 2001ஆம் ஆண்டு முதல், மீன்கள் இனம் பெருகும் காலத்தில் 45 நாள் விசைப்படகுகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. 2017ஆம் ஆண்டில் அது 61 நாளாயிற்று. ஏப்பிரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடலுக்கு ஓய்வு. நாட்டுப் படகுகளுக்கு அத்தடை இல்லையாதலால் எந்தையார் அந்நாள்களிலும் போகிறார். அது கிடக்க. கடல் களைத்துப்போகும், களைத்த கடல் மீன் தராது, அதற்கும் நாள் குறித்து ஓய்வளிக்க வேண்டும் என்பதைப் படித்தவரும் பாமரரும் இன்று ஒப்புக்கொண்டுள்ளனர். கடலுக்குக் காட்டிய இரக்கத்தைக் கைகளுக்குக் காட்ட நமக்கு ஏன் இத்தனை தயக்கம்?

பனையின் கதை வேறு. பனைக்கு ஞாயிறு தெரியாது. பதநீர்க் காலத்தில் தொழிலாளி நாள்தோறும் மரம் ஏறிப் பாளையைச் சீவி, சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டி இறங்க வேண்டும். காலையும் மாலையும் ஏறுவார். சில நாள் சீவாது விட்டால் பாளையின் வாய் காய்ந்து பதநீர் நின்றுபோகும். எம்மூருக்கு அண்மையிலுள்ள உடன்குடியின் கருப்பட்டியை நாடெங்கும் புகழ்கின்றனர். அதன் இனிப்பில் ஓய்வில்லாத நாள்கள் கரைந்துள்ளன. பாளை நின்ற மாதங்களில் ஏறுபவருக்கு ஓய்வு உண்டு என்பீராயின், உண்டு. அப்போது வருவாயும் இல்லை. வாரத்தில் ஒரு நாள் சும்மா இரு என்று எல்லார்க்கும் ஒரே மருந்தைக் கொடுப்பவர் பனையடியில் ஒரு நாள் நின்று பார்த்தல் வேண்டும். இதற்கு என்ன வழி என்று ஏறுபவர் ஒருவரைக் கேட்டேன். “இரண்டு பேர் மாறி மாறி ஏறினால் முடியும், அதற்கு மரம் இரண்டு பேருக்குப் போதாது” என்று கூறிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போனார்.

இரண்டு பேர் மாறி மாறி என்று அவர் கூறியது எனக்கு முத்துக்குளித்தலை நினைவூட்டிற்று. தூத்துக்குடிக் கடலில் முத்துச்சிப்பி விளையும் திட்டுகளைப் பார் என்பர். தென்புறத்துப் பார்களுள் ஒன்றற்கு மணப்பாட்டுப் பெரிய பார் என்றே பெயர். அரசினர் நடத்திய முத்துக்குளிப்பு அங்கு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. கடலடியில் மூழ்குவோர் கயிற்றில் கட்டிய கல்லின்மேல் கால் வைத்து இறங்குவர். மூச்சு அடக்கக்கூடியது ஒரு நிமிடமோ அதற்குச் சற்று மிகுதியோ. அதற்குள் சிப்பிகளைப் பைக்குள் திரட்டிக் கயிற்றை அசைக்க, மேலே படகிலுள்ளவர் இழுத்துக்கொள்வர். ஒரு கல்லுக்கு இருவர்; ஒருவர் மூழ்கும்போது மற்றவர் படகில் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார். கயிறு பிடிப்பவன் மைத்துனனாய் இருத்தல் வேண்டும், தன் தங்கை தாலியை நினைத்துக் கைவிடமாட்டான் என்று எம் கடற்கரையில் வழிவழியாகச் சொல்வார்கள். எல்லாப் படகிலும் அவ்வாறு நடந்ததோ இல்லையோ, அச்சொல்லில் உள்ள அறிவு பெரிது. கீழே இருப்பவனுக்குத் தன் மூச்சு எப்போது முடியும் என்பது தெரியும். ஆனால் மேலே வருவது அவன் கையில் மட்டும் இல்லை. தன் கயிற்றைத் தானே பிடித்துக்கொண்டு மூழ்கியவன் எவனும் இல்லை.

இக்காலத்தில் ‘தன்னைப் பேணுதல்’ என்னும் பேச்சு மிகுந்துள்ளது. கைபேசியைத் திறந்தால், நறுமண எண்ணெயும் மூலிகைத் தேநீரும் காட்டி, உன்னை நீயே பேணிக்கொள் என்று அறிவுரை கூறுவார் பலர். உடலோம்பல் நல்லதே, அதனை இகழ்வார் அறிவிலார். ஆனால் அவ்வறிவுரையைக் கேட்கும்போதெல்லாம், கயிற்றின் இரு நுனியையும் ஒருவன் கையிலேயே கொடுத்துக் கடலில் தள்ளுவது போன்ற ஓர் உணர்வு எனக்கு உண்டாகிறது. என் அன்னையாரிடம் அதனைச் சொல்லிப் பார்த்தேன். “நேரத்தையும் சேர்த்து விற்கிறார்களா?” என்று கேட்டார்.

நிற்க. ஓயாத உழைப்புக்கு எடுத்துக்காட்டாக எங்களூரில் சிறுவயது முதல் எமக்குக் காட்டப்பட்டவர் ஒருவர் உளர். அவர் 1542ஆம் ஆண்டில் இக்கரைக்கு வந்த பிரான்சிசு சவேரியார். அவ்வாண்டு அக்டோபரில் தூத்துக்குடியிலிருந்து எழுதிய கடிதத்தில், செபங்களைக் கற்றுத் தருமாறு சிறுவர்கள் சூழ்ந்துகொண்டு தம்மை உண்ணவும் உறங்கவும் விடவில்லை என்று அவர் குறிப்பிடுகிறார். 1544ஆம் ஆண்டு சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில், ஞானத்தீக்கை அளித்தளித்துக் கைகள் சோர்ந்ததையும், மன்றாட்டுகளைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் குரல் இழந்ததையும் சொல்கிறார். இச்செய்திகளை யாம் பலமுறை கேட்டிருக்கிறோம். கேட்கும்போதெல்லாம் அச்சோர்ந்த கைகளை வியந்தோம்.

ஆனால் மணப்பாட்டுக் குன்றின் கடற்புறத்தே ஒரு குகையும் இருக்கிறது. சவேரியார் அதில் தங்கினார், தனித்திருந்து செபித்தார் என்பது ஊர் மரபு. ஆண்டுதோறும் அங்குச் செல்வோர் பல்லாயிரவர். சென்ற கோடையில் அதன் வாயிலில் நின்றபோதுதான், இத்தனை ஆண்டும் எனக்குத் தோன்றாத ஓர் எண்ணம் தோன்றிற்று. ஊரெல்லாம் அவரை நாடி நின்ற நாள்களில் அவர் ஊரை விட்டு இவ்விடத்துக்கு ஏன் வந்தார்? அலையோசையன்றி வேறு குரல் கேளாத ஓர் இடம் அவருக்கும் வேண்டியிருந்தது. கையை வியந்த நாம் குகையை வியக்கக் கற்கவில்லை. 1552ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள், சீனக் கரையை அடுத்த சான்சியன் தீவில் அவர் காய்ச்சலால் இறந்தபோது வயது 46.

அவருக்குப் பின் 1547ஆம் ஆண்டில் இக்கரைக்கு வந்த அண்டிரிக்கி அடிகளார் என்னும் என்றீக்கு என்றீக்கசு 1600ஆம் ஆண்டு வரை ஏறத்தாழ 53 ஆண்டு இங்கேயே உழைத்தார். 1578ஆம் ஆண்டில் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அவர் தந்தது. தமிழில் அச்சான நூல்களைப் பற்றிப் பேசுவார் எவரும் அதனைச் சொல்லாது விடார். 1586ஆம் ஆண்டில் அடியார் வரலாறுகளையும் அச்சிட்டார். புன்னைக்காயலில் நோயாளர்க்கு மருத்துவமனை நிறுவியவரும் அவரே. இவ்விருவருள் எவர் உயர்ந்தார் என்று யான் ஆராயப் புகவில்லை. அஃது எனக்குத் தகாது. ஒருவரை மட்டும் உழைப்பின் வடிவமாகக் காட்டி, மெல்ல நடந்து நெடுந்தூரம் போன மற்றவரைப் பற்றிப் பிள்ளைகளுக்கு அவ்வளவாகச் சொல்லாததே என் குறை.

எம்மூர் வலைஞருக்கு ஊர்க்கட்டுப்பாடு ஞாயிற்றுக்கிழமையைத் தந்தது. கோயில் மணி எட்டாத இடங்களில் உழைத்தவர் அதனை எவ்வாறு பெற்றனர் என்பதற்கு இதே கடற்கரையில், வடக்கே தூத்துக்குடியில், ஒரு வரலாறு உண்டு. 1908ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்க்குத் துணை நின்றனர். அவர்கள் கேட்டவை கூலி உயர்வும் வேலை நேரக் குறைப்பும் வார விடுமுறையும். ஒரு கிழமைக்கு மேல் ஆலை ஓடவில்லை. வேலையின்றி இருந்த குடும்பங்களுக்கு ஊரார் அரிசி கொடுத்து உதவினர். இறுதியில் நிருவாகத்தார் இணங்கினர், ஞாயிற்றுக்கிழமை விடுமுறையாயிற்று. மார்ச்சு 12ஆம் நாள் பிள்ளையவர்கள் கைது செய்யப்பட்டார். பின்னர்க் கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுத்தார். சுதேசிக் கப்பலுக்காகவே அவரை நாம் நினைக்கிறோம். ஆலைத் தொழிலாளி ஒருவன் ஞாயிற்றுக்கிழமை காலையில் சூரியன் ஏறும் வரை படுத்திருக்கக் கூடியதும் அவர் தந்த கொடைகளுள் ஒன்று என்பதைப் பாடப்புத்தகத்தில் யான் கண்டதில்லை. கண்டிருந்தால் அவரிடம் எனக்கு இன்னும் நெருக்கம் உண்டாகியிருக்கும்.

சென்னையில் 1923ஆம் ஆண்டு மே முதல் நாள், இந்தியாவில் முதன்முதலாக மே தின விழா எடுத்த சிங்காரவேலரும் மீனவர் குடியிற் பிறந்தவரே. கடலில் உழைத்த குடி, கரையில் உழைப்பவருக்கு நேரம் கேட்டது என்று எண்ணும்போது எனக்கு மகிழ்ச்சி உண்டாகிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்னும் வரம்பையும், ஒரு நாள் விடுமுறையையும் நாடு முழுவதற்கும் விதித்தது.

இனி என் அன்னையாரிடம் திரும்புவேன். அச்சட்டங்கள் எல்லாம் ஆலை வாயிலோடு நின்றன. எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வாயில் இல்லை; சங்கு ஊதி வேலை தொடங்குவதும் இல்லை, முடிப்பதும் இல்லை. குருத்தோலையைக் காயவைத்து, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலமாகக் கிழித்து, சாயம் கொதிக்கும் பானையில் இட்டு எடுத்து, நிழலில் உலர்த்தி, அதன் பின்னரே முடைதல் தொடங்கும். சாயப் பானையின் ஆவி கண்ணைக் கரிக்கும். வெயில் ஏறினால் ஓலை விறைத்து ஒடியும். ஆதலால் ஓலை பதமாயிருக்கும் விடியலும் இரவுமே முடைதற்கு ஏற்ற பொழுது. பிறர் உறங்கும் நேரம் அவருக்கு நல்ல நேரம். பகலோ சமையலுக்கும் தண்ணீருக்கும் சந்தைக்கும் போய்விடும். குனிந்து குனிந்து கழுத்து வலி வந்து ஆண்டுகள் பல ஆயின. விரல் நுனியில் ஓலை கீறிய கோடுகள் உள்ளன. அவற்றைப் பற்றியும் என் பழைய கட்டுரையில் ஓர் உவமை இருந்தது.

கூலி உருப்படிக்கு இவ்வளவு என்று கணக்கு. நாள் கூலிக்காரன் அரை மணி நேரம் இளைப்பாறினால் அவன் கூலி குறையாது. உருப்படிக் கூலிக்காரி இளைப்பாறும் ஒவ்வொரு நிமிடத்தையும் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தே இளைப்பாற வேண்டும். அவரை நோக்கி, அம்மா, சற்று ஓய்ந்திருங்கள் என்று சொல்வது எவ்வளவு எளிது! யானும் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு, சோறு ஆயிற்றா என்று கேட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எந்தையாருக்கு ஓய்வு. எனவே அன்று வீட்டில் எல்லாரும் இருப்போம். எனவே அன்று சமையல் பெரிது. எனவே அன்று அன்னையாருக்கு இரட்டை வேலை. ஊர் கூடிக் கட்டிக் காத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் அடுக்களைப் படியேறி உள்ளே வரவில்லை. இதனை யான் இருபது ஆண்டுகள் கண்ணால் கண்டும் அறியாதிருந்தேன்.

இவ்வாறு எழுதுவதால், உழைப்பை இகழ்கிறான், சோம்பலுக்குத் துணைபோகிறான் என்று பெரியோர் சிலர் கருதக்கூடும். அவர்க்கு ஒன்று சொல்வேன். என் அன்னையார் தம் தொழிலை வெறுப்பவர் அல்லர். மூடியிட்ட பெட்டி ஒன்றை முடித்ததும், மூடியை அதன் வாயில் மெல்ல வைத்துக் கையை எடுத்துவிடுவார். அது எவரும் அழுத்தாமல் தானே சிறிது சிறிதாக உள்ளே இறங்கி அமர வேண்டும். சாய்ந்தாலும் இறுகினாலும் பிரித்துவிடுவார். அப்படி அமர்ந்த வேளையில் அவர் முகத்தில் தோன்றும் நிறைவை யான் பல பட்டம் பெற்றார் முகத்தும் கண்டதில்லை. உழைப்பின் பெருமை என்று ஒன்று உண்டாயின் அஃது அம்மூடியில் உண்டு. என் கட்டுரையிலோ மூடியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை; களைப்பைப் பற்றிப் பத்து வரிகள் இருந்தன. கைவினையைப் புகழ அறியாமையால் களைப்பைப் புகழ்ந்தேன். எழுதப் புகும் என் போன்ற இளைஞர் பலரும் இப்பிழையைச் செய்கின்றனர் என்று அஞ்சுகிறேன். தாயைப் பற்றியும் உழவரைப் பற்றியும் தெருக்கூட்டும் தொழிலாளரைப் பற்றியும் நாம் எழுதுவனவற்றைப் பாருங்கள். அவர்கள் துன்புறுவதே அவர்களுடைய அழகு என்பது போல எழுதிவைக்கிறோம். அப்புகழ்ச்சி அவர்களுக்கு ஒரு காசும் கூட்டித் தருவதில்லை. துன்பம் அவ்வாறே நீடித்தால் குற்றமில்லை என்று படிப்பவர் மனத்தை ஆற்றிவிடுகிறது.

அப்படியாயின் வேண்டுவது என்ன? பெட்டியின் விலையில் ஓலையின் விலையும் சாயத்தின் விலையும் அடங்கியிருப்பது போல, கழுத்து நிமிர்ந்து இருக்கும் நேரத்தின் விலையும் அடங்குதல் வேண்டும். தனித்தனியே திண்ணையில் இருந்து முடைபவரால் அதனைக் கேட்டுப் பெறுதல் அரிது. பெண்கள் கூட்டுறவாய்ச் சேர்ந்து விலை பேசும் முறையே இதற்கு உரிய வழி என்பது என் கருத்து. எவரும் போகாத ஞாயிற்றுக்கிழமைக் கடலைப் போலவே இதுவும். ஒருத்தி குறைந்த விலைக்கு இசைந்தால் மற்றவர் இரவில் கண்விழித்தே தீர வேண்டும். வாங்குபவராகிய நமக்கும் இதில் பங்கு உண்டு. ஓலைப் பெட்டியைக் கையில் எடுத்து, இதற்கு இவ்வளவா என்று பேரம் பேசுவோர் எதனைக் குறைக்கச் சொல்கிறோம் என்று அறிந்து பேசுவாராக. ஓலை குறையாது, சாயமும் குறையாது.

நம் விடுதியைப் பற்றியும் ஒரு சொல் கூறாது விடேன். சென்ற ஆண்டு தேர்வுக்கு முன் யான் தொடர்ந்து நான்கு இரவு உறங்காது படித்தேன். அதனை மறைக்கவும் இல்லை. காலையில் சிவந்த கண்களோடு நண்பர் நடுவே அமர்வதில் ஒரு பெருமிதம் இருந்தது. எத்தனை மணிக்குப் படுத்தாய் என்று ஒருவரையொருவர் கேட்டு, பிந்திப் படுத்தவனே வென்றவன் என்பது போல நடந்துகொண்டோம். ஐந்தாம் நாள் தேர்வுக் கூடத்தில் வினாத்தாளின் எழுத்துகள் நீரில் மிதப்பன போல ஆடின, மயங்கி வீழ்ந்தேன். அறைத்தோழன் தோளில் தாங்கிக் கொண்டுவந்து கஞ்சி கொடுத்தான். அதன் பின் அவன் ஒரு வழக்கத்தை மேற்கொண்டான். இரவு 11 மணி ஆனதும் என்னைக் கேளாமலே விளக்கை அணைத்துவிடுவான். முதலில் சினந்தேன். பின்னர், அவன் கயிற்றின் மறுநுனியைப் பிடித்திருக்கிறான் என்பதை உணர்ந்தேன். அவன் கடற்கரை ஊரான் அல்லன், மதுரைப் பக்கத்தான். அவ்வாண்டு நாங்கள் இருவரும் தேறினோம் என்பதையும், மதிப்பெண் பெரிதாக ஒன்றும் இல்லை என்பதையும் ஒளியாது கூறிவிடுகிறேன்.

விடுமுறையின் எஞ்சிய நாள்களில் காலைத் தண்ணீரும் ஞாயிற்றுக்கிழமைச் சமையலும் என் பொறுப்பாயின. மீன் குழம்பில் புளி மிகுந்தது. எந்தையார் ஒன்றும் சொல்லாமல் உண்டார். ஈர்க்கு நீக்கவும் கற்றுக்கொண்டேன். ஓலையை ஒரே அகலமாகக் கிழிக்க மட்டும் இன்றுவரை கை வரவில்லை. யான் கிழித்தவற்றை அன்னையார் எனக்குத் தெரியாமல் மீண்டும் நறுக்கிக்கொண்டிருந்ததை ஒருநாள் கண்டேன். அதனால் அவருக்கு நேரம் மிச்சமாயிற்றோ, செலவாயிற்றோ, அறியேன். ஒரு ஞாயிறு பிற்பகல் அவர் திண்ணையில் கால் நீட்டிப் படுத்து ஒரு மணி நேரம் உறங்கினார். தெருவிற் போன பெரியம்மை ஒருவர் நின்று, “உடம்புக்கு என்ன?” என்று கவலையோடு வினவிச் சென்றார்.

விடுமுறை முடிந்து புறப்படும் முன்னிரவில் இக்கட்டுரையின் பெரும்பகுதியை எழுதி முடித்து, முன்போலவே அவருக்குப் படித்துக் காட்டினேன். மூடியைப் பற்றிய இடத்தில் தலையசைத்தார். சாயத்தைப் பற்றிய இடத்தில், உலர்த்துவதற்கு முன் நல்ல தண்ணீரில் அலச வேண்டும், அதனை விட்டுவிட்டாய் என்று திருத்தினார். முடிவில், “இதை எழுதினால் உனக்குக் கூலி உண்டா?” என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

“அப்படியானால் விளக்கை அணைத்துவிட்டுப் படு” என்றார்.